ஜெபம் வேண்டுமா என்று பிள்ளையிடம் கேட்டீர்களா?

கொழும்பில் உளவளத்துணையாளராக வேலை செய்கிறேன், நானும் சபைக்குப் போகிறவள்தான். மகனுக்கு ஆண்கள்மேல் ஈர்ப்பு என்று தெரிந்ததும் பெற்றோர் கேட்பது, "மிஸ், இதை மாத்தலாமா?" மாற்ற முடியாது. உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஆனால் வீட்டில் நடப்பது வேறு: போனைப் பறிப்பார்கள், கட்டாய உபவாசம், பேய் ஓட்டுகிறோம் என்று நாலு பேர் பிடித்துக்கொண்டு கத்துவது, அப்புறம் அவசரமாகப் பெண் பார்ப்பது. இதெல்லாம் முடிந்து என்னிடம் வரும் பிள்ளைகள் மாறியிருப்பதில்லை, தூக்கமில்லாமல், சிலர் செத்துவிடலாம் என்ற நினைப்போடு, ஜெபம் என்றாலே நடுங்கிக்கொண்டு வருகிறார்கள்.

கனடாவும் நியூசிலாந்தும் 2022 முதல் இப்படிப்பட்ட "சிகிச்சை"யைத் தடைசெய்திருக்கின்றன. இங்கே அப்படிச் சட்டம் இல்லை, வந்தால் பிரசங்கம் பண்ணினாலே பிடிப்பார்களா என்று போதகர்கள் கேட்கிறார்கள். அந்தப் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். 2004-இல் மதமாற்றத் தடைச் சட்டமூலம் வந்தபோது சபைகள் எவ்வளவு கலங்கின! அதன் சில பிரிவுகள் மனச்சாட்சிச் சுதந்திரத்தையும் மதச் சுதந்திரத்தையும் காக்கும் அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரைக்கு முரண் என்று உயர் நீதிமன்றம் சொன்னதால்தான் மூச்சுவிட்டோம். ஆகவே சட்டத்தின் வாசகம் முக்கியம். யாருடைய பாலீர்ப்பையும் மாற்றும் நோக்கமில்லாமல் ஒரு மத நம்பிக்கையைச் சொல்வது மட்டும் குற்றமாகாது என்று நியூசிலாந்துச் சட்டம் தெளிவாகவே எழுதியிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலச் சட்டமோ, ஒருவரை மாற்றுவதற்காக அவருக்குச் செய்யும் ஜெபத்தையும், அவரே சம்மதித்தாலும், தடைக்குள் கொண்டுவருகிறது. வளர்ந்த ஒருவர் தானாகக் கேட்கும் ஜெபத்தில் அரசு கைவைக்கக் கூடாது என்பதே என் நிலைப்பாடு.

ஆனால் கேட்காதவர்மேல் திணிப்பது மதச் சுதந்திரம் இல்லை. 10ஆம் உறுப்புரை காக்கும் மனச்சாட்சி அந்தப் பிள்ளைக்கும் உண்டு. மதத்தை வெளிப்படுத்தும் உரிமையை, பிறர் உரிமைகளுக்காகச் சட்டத்தால் மட்டுப்படுத்தலாம் என்று அதே அரசியலமைப்பின் 15(7) உறுப்புரை சொல்கிறது. இதற்கிடையில் 1883-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் ஒருபாலின உறவைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகள் இன்னும் இருப்பதால், வீட்டில் அடைத்து வைத்தாலும் பிள்ளை பொலிஸுக்குப் போகப் பயப்படுகிறது. அவற்றைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023-இல் உயர் நீதிமன்றம் சொன்னது பெரிய ஆறுதல்.

போதகர்களே, பெற்றோர் கூட்டிவந்தால் முதலில் பிள்ளையோடு தனியாகக் கதையுங்கள். ஜெபம் வேண்டுமா என்று கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சாவைப் பற்றி ஒரு சொல் வந்தாலும் தாமதிக்க வேண்டாம், தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம்.