கிரியோல்: கலப்பா, நாட்டா?

கரீபியன் தீவுகளைப் பற்றி எதைப் படித்தாலும் ‘கிரியோல்’ வந்து நிற்கும். கிரியோல் மொழி, கிரியோல் சமையல், கிரியோல் மக்கள். தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ‘கலப்பு’ என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. மூலச்சொல்லில் கலப்பு என்ற பேச்சே கிடையாது.

ஸ்பானியத்திலும் போர்த்துக்கீசத்திலும் ‘கிரியார்’ என்றால் வளர்த்தல். பிள்ளை வளர்ப்பதற்கும் அதுதான், கோழி வளர்ப்பதற்கும் அதுதான். பெரும்பாலோர் ஏற்கும் வேர் இது. இதிலிருந்து போர்த்துக்கீசத்தில் ‘கிரியோலு’, ஸ்பானியத்தில் ‘கிரியோயோ’, பிரெஞ்சுக்குப் போய் ‘கிரெயோல்’. ‘இங்கேயே பிறந்து வளர்ந்தது’ என்று பொருள்.

‘இங்கே’ என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஸ்பெயினில் பிறந்து கப்பலேறி ஹவானா வந்தவர் ஒரு தட்டு. அவருக்கு ஹவானாவில் பிறந்த மகன் அடுத்த தட்டு, கிரியோயோ. ஒரே ரத்தம்தான். ஆனாலும் உயர்ந்த பதவிகளில் சீமையில் பிறந்தவருக்கே முன்னுரிமை. அடிமைகளையும் இப்படியே பிரித்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து புதிதாக இறக்கப்பட்டவரை பிரெஞ்சுத் தீவுகளில் ‘போசால்’ என்றார்கள், தோட்டத்திலேயே பிறந்தவரை ‘கிரெயோல்’. தோட்டத்துப் பேரேட்டில் பெயர், வயது, விலை ஆகியவற்றோடு இதையும் எழுதிவைத்தார்கள். ஆக, தீவில் பிறந்த வெள்ளைக்காரத் துரையும் கிரியோல், அவருடைய கரும்புத் தோட்டத்தில் பிறந்த கறுப்பு அடிமையும் கிரியோல். இதில் கலப்பு எங்கே வந்தது? ஹைட்டியின் தலைநகரான போர்ட்-ஓ-பிரின்ஸில் உள்ள பெரிய சந்தை ஒன்றுக்கு இன்றும் ‘க்ருவா தே போசால்’ என்று பெயர். போசால்களின் சிலுவை. அங்கே காய்கறி வாங்கப் போகிறவர் வாயில் அந்தப் பழைய பேரேட்டுச் சொல் இன்னும் புழங்குகிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? நம்மிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: ‘நாட்டு’. நாட்டுக்கோழி, நாட்டுமாடு. அதற்கு எதிர்முனையில் ‘சீமை’. ஸ்பானியம் பேசும் தீவுகளிலும் ‘கிரியோயோ’ கோழிக்கும் மாட்டுக்கும் சாப்பாட்டுக்கும் இதே மாதிரிதான் ஒட்டிக்கொள்ளும். போர்ட்டோ ரிகோவில் ‘கோமிதா கிரியோயா’ என்றால் நாட்டுச் சாப்பாடு. அதில் தலைமை இடம் துவரை போட்டுச் சமைத்த சோற்றுக்கு. பக்கத்தில் பன்றிக்கறி, வாழைக்காய். அரிசியும் பன்றியும் வாழையும் கப்பலில் வந்தவை. துவரை நம் பக்கத்துப் பயிர், ஆப்பிரிக்கா வழியாகப் போய்ச் சேர்ந்தது. எல்லாம் வந்தவைதான், எல்லாம் நாட்டுச் சாப்பாடுதான். சிரிக்க வேண்டாம். நாம் நாட்டுத் தக்காளி என்று தேடித் தேடி வாங்குகிறோமே, அதன் பூர்வீகம் தென் அமெரிக்கா.

மனிதர்களுக்கு வரும்போது கொஞ்சம் கவனம் வேண்டும். ‘மண்ணின் மைந்தர்’ என்று ஒரேயடியாக எழுதிவிடக் கூடாது. அந்தப் பட்டம் தைனோ, கலினாகோ போன்ற பூர்வகுடிகளுக்கு உரியது. டொமினிக்காவில் கலினாகோ மக்கள் இன்றும் வாழ்கிறார்கள். ‘வந்தேறி’ அதைவிட மோசம். விலங்கு பூட்டிக் கொண்டுவரப்பட்டவரை அப்படிச் சொல்ல வாய் வருமா? ‘தீவில் பிறந்தவர்’ என்று விரித்து எழுதுவதே நேர்மை. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. டிரினிடாட்டில் கிரியோல் என்றால் வழக்கமாக ஆப்பிரிக்க வம்சாவளியினர். 1845 முதல் 1917 வரை ஒப்பந்தக் கூலிகளாக அங்கே போன ஏறக்குறைய 1,44,000 இந்தியர்களின் வம்சத்தார், பல தலைமுறைகளாக அங்கேயே பிறந்தும், அந்தச் சொல்லுக்கு வெளியேதான் நிற்கிறார்கள். தீவுக்குத் தீவு பொருள் மாறுவதால், எழுதுமுன் எந்தத் தீவு என்று பார்த்துக்கொள்வது நல்லது.

அப்புறம் மொழி. இங்கேதான் ‘கலப்பு’ ரொம்பவே இடிக்கிறது. ஆங்கிலத்தில் பிரெஞ்சுச் சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன, அதை யாரும் கலப்பு மொழி என்பதில்லை. அடிமைகளின் பிள்ளைகள் பேசியதற்கு மட்டும் அந்தப் பெயர். ஹைட்டியின் கிரெயோலைப் பாருங்கள். பிரெஞ்சில் அரிசி ‘ரீ’. கொஞ்சம் அரிசி என்றால் ‘து ரீ’. ஹைட்டியில் இரண்டும் ஒட்டி ‘திரி’ என்று ஒரே சொல்லாகிவிட்டது. ‘து லோ’ அதே மாதிரி ‘த்லோ’, அதாவது தண்ணீர். இலக்கணமோ தனி வழி. ‘மான்ஜே’ என்றால் சாப்பிடுதல். அந்த வினை உருமாறாது. முன்னால் ‘தே’ வைத்தால் இறந்தகாலம், ‘ஆப்’ வைத்தால் சாப்பிட்டுக்கொண்டிருப்பது. பிரெஞ்சு வினைத்திரிபு அட்டவணையை மனப்பாடம் செய்து அவதிப்பட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனாலும் 1804-இல் விடுதலை பெற்ற நாட்டில் இந்த மொழி பிரெஞ்சுக்குச் சமமாக ஆட்சிமொழி ஆனது 1987-இல்தான். நாடு முழுவதும் பேசிய மொழி கொச்சை, சிலர் மட்டும் சரளமாகப் பேசிய மொழி உசத்தி. ஜமைக்காவில் இன்னொரு கூத்து. அங்கே மக்கள் தங்கள் பேச்சைப் ‘பட்வா’ என்கிறார்கள். பட்டிக்காட்டுப் பேச்சு என்ற இளக்காரத்தோடு பிரெஞ்சில் வழங்கிய சொல் அது. வைத்தவர்களின் இளக்காரம் போய், இன்று பலர் அந்தப் பெயரைப் பெருமையாகவே சொல்கிறார்கள்.

‘நாட்டுமொழி’ என்றால் தமிழில் தேசிய மொழி என்று படிக்கப்பட்டுவிடும். அதனால் மொழிக்குக் ‘கிரியோல்’ என்பதையே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. சமையலுக்கும் கோழிக்கும் ‘நாட்டு’ போதும்.

ஹைட்டியில் ஒருவர் சுற்றி வளைத்துப் பேசினால், ‘கிரெயோல் பாலே, கிரெயோல் கோம்ப்ரான்’ என்பார்கள். கிரெயோலில் பேசு, கிரெயோலில் புரியும் என்று நேர்ப்பொருள். நம் ஊரில் அந்த இடத்தில் ‘பச்சைத் தமிழில் சொல்லுப்பா’ என்போம்.