டிம் இழைக்கு அடியில் ஒரு தகடு

திருவொற்றியூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கார் பழையது; இரவில் எண்ணூர் விரைவுச் சாலையில் டிம் போட்டுப் போனால் பாதை சரியாகத் தெரிவதில்லையாம். எதிரே வரும் கன்டெய்னர் லாரிகளின் வெளிச்சம் வேறு கண்ணைப் பறிக்கிறது. ஒரு கடையில் 100/90 வாட் பல்பு போடச் சொல்கிறார்கள், இன்னொரு கடையில் எல்.இ.டி., மூன்றாவது கடையில் நீல வெள்ளை பல்பு. எதை வாங்கலாம்?

மூன்றும் வேண்டாம் என்பேன். காரணம் பல்புக்குள்ளேயே இருக்கிறது.

பழைய கார்களில் பெரும்பாலும் இருப்பது எச்4 வகை ஹாலஜன் பல்பு. 60/55 வாட் என்று அதில் பொறித்திருக்கும். 60 பிரைட்டுக்கு, 55 டிம்முக்கு. டங்ஸ்டன் இழை சூடேறி ஒளிர்வது பள்ளிப் பாடம். அந்தச் சூட்டில் ஆவியாகும் டங்ஸ்டன் கண்ணாடியில் படிந்து கறுக்காமலிருக்க, புரோமின் அல்லது அயோடின் சேர்மம் சிறிதளவு உள்ளே அடைக்கப்படுகிறது. ஆவியான அணுக்களோடு அது சேர்ந்து அவற்றை மறுபடியும் இழைக்கே கொண்டுவந்து விடுகிறது. 1959இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் இதற்குக் காப்புரிமை பெற்றது. 1971இல் எச்4 வந்துவிட்டது. இந்த வேதியியலைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். எனக்கு ஆசையெல்லாம் இழைகள் உட்கார்ந்திருக்கும் இடத்தின் மேல்தான்.

எச்4 பல்பில் இரண்டு இழைகள் ஒன்றன்முன் ஒன்றாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரை சென்டிமீட்டர் நீளம். அடிப்பகுதியை ஒட்டியிருப்பது பிரைட் இழை, முனைப் பக்கம் இருப்பது டிம் இழை. டிம் இழைக்கு நேர் கீழே, கரண்டிபோலக் குழிந்த ஒரு சின்ன உலோகத் தகடு.

ஹெட்லைட்டின் உட்புறம் ஒரு பரவளையக் குழியாடி. அதன் குவியத்தில் விளக்கை வைத்தால் கதிர்கள் இணையாக வெளியேறும் என்று கோடு போட்டுப் படித்திருப்பீர்கள். பிரைட் இழை இருப்பது அந்தக் குவியத்தில்தான்; எனவே வெளிச்சம் நேராக நெடுந்தூரம் பாய்கிறது. டிம் இழையோ குவியத்திலிருந்து சில மில்லிமீட்டர் முன்னே தள்ளி இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் கதிர் ஆடியின் மேல்பாதியில் பட்டால் கீழ்நோக்கித் திரும்பும். கீழ்ப்பாதியில் பட்டால் மேல்நோக்கித் திரும்பும். நம்பிக்கை இல்லையென்றால் ஒரு தாளில் வரைந்து பாருங்கள், இரண்டு நிமிட வேலை.

மேல்நோக்கித் திரும்புவது நேரே எதிர் வண்டி ஓட்டுநரின் கண்ணுக்குப் போகும். அதைத்தான் தகடு தடுக்கிறது. டிம் இழையின் ஒளி ஆடியின் கீழ்ப்பாதியை எட்டவே எட்டாது. எஞ்சியதெல்லாம் சாலையை நோக்கி இறங்கும் வெளிச்சம். இதற்கு மோட்டார் கிடையாது, சென்சார் கிடையாது. மின்சாரம் ஓர் இழையை விட்டுப் பக்கத்து இழைக்குத் தாவுகிறது. வெளிச்சத்தின் வடிவமே மாறிவிடுகிறது!

இன்னும் இருக்கிறது. அந்தத் தகட்டின் ஒரு பக்க விளிம்பை மட்டும் 15 பாகை சாய்த்து விட்டிருப்பார்கள். அந்த வழியாகக் கூடுதலாகக் கொஞ்சம் ஒளி ஆடிக்குப் போகும். இடதுபுறம் வண்டி ஓட்டும் நம் நாட்டில், அது சாலையின் இடது ஓரத்தில் மட்டும் வெளிச்சத்தை மேலே தூக்கிக் காட்டுகிறது. ஓரமாக நடப்பவர், மாடு, விளக்கில்லாமல் நிறுத்தி வைத்த டிரெய்லர் எல்லாம் அந்தப் பக்கம்தானே? எதிர் வண்டி வரும் வலதுபக்கத்தில் வெளிச்சம் தாழ்ந்தே கிடக்கும். அரை விரல் அகலத் தகட்டில் இத்தனை யோசனை.

இது புரிந்துவிட்டால், நம் ஊரில் நெடுநாளாக நடக்கும் ஒரு காரியத்தின் அபத்தமும் புரியும். கூச்சத்தைக் குறைக்கிறேன் என்று ஹெட்லைட் கண்ணாடியின் மேல்பாதியில் கறுப்புப் பூசுகிறார்கள். டிம் வெளிச்சம் வருவதே அந்த மேல்பாதி வழியாகத்தான். அதை அடைத்தால் டிம் செத்துவிடும். ஓட்டுநர் பிறகு என்ன செய்வார்? பிரைட்டிலேயே போவார். பிரைட்டின் ஒளியோ கீழ்ப்பாதி வழியாகத் தாராளமாக வந்துகொண்டிருக்கும். ஆயுத பூஜைக்கு ஹெட்லைட்டில் அப்பும் சந்தனமும் குங்குமமும் இதே வகைதான். காய்ந்த சந்தனம் ஒளியை நாலாபுறமும் சிதறடிக்கும். பக்திக்கு நான் எதிரியல்ல. பொட்டை பானெட்டில் வைத்தால் சாமி கோபிக்காது.

இப்போது எல்.இ.டி.க்கு வருவோம். கம்பெனியிலிருந்தே எல்.இ.டி.யோடு வரும் ஹெட்லைட் வேறு; அதன் ஆடியும் லென்ஸும் அதற்கென்றே வரையப்பட்டவை. கடையில் வாங்கி எச்4 இருந்த இடத்தில் செருகும் எல்.இ.டி. அப்படியல்ல. இழை தன்னைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒளிர்கிறது. எல்.இ.டி. சில்லுகள் ஒரு பட்டையின் இரண்டு முகங்களிலும் தட்டையாக ஒட்டப்பட்டவை. பட்டை தடிமனாக இருந்தாலோ சில்லு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்திருந்தாலோ, குவியக் கணக்கு முழுவதும் கெட்டுவிடும். சுவரில் பார்த்தால் பளீரென்று இருக்கும். சாலையில் பார்த்தால் முன்னால் நாலு மீட்டர் வெள்ளை, அதற்கப்பால் இருட்டு, எதிரே வருபவருக்குக் கண்கூச்சம். பெட்டியில் 20,000 லூமென் (பல்பு வெளிவிடும் மொத்த ஒளியின் அளவு) என்று அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டுச் சிரிக்கலாம். எச்4 பல்பின் டிம் தரநிலைப்படி வெறும் 1,000 லூமென், பிரைட் 1,650. அந்த ஆயிரத்தைச் சரியான இடத்தில் விழவைப்பதுதான் வித்தை.

100/90 வாட் பல்பில் இழை இருக்குமிடம் சரியாகவே இருக்கலாம். அங்கே தொல்லை ஒயரில். 55 வாட் 90 ஆகும்போது மின்னோட்டம் சுமார் 1.6 மடங்காகிறது, ஒயரில் சூடு அதன் வர்க்கமாக, 2.7 மடங்கு. ஹோல்டர் உருகும், ஆடியின் பூச்சு கருகும். நீல வெள்ளைக்கு ஒரே வரி போதும்: இழை எவ்வளவு சூடோ அவ்வளவு வெண்மை, டங்ஸ்டனோ சுமார் 3,700 கெல்வினில் உருகிவிடும், ஆகவே ‘5,000 கெல்வின்’ என்று விற்கும் ஹாலஜன் பல்பு நீலச் சாயத்தால் தன் வெளிச்சத்தில் ஒரு பகுதியைத் தானே விழுங்கிக்கொள்கிறது.

அப்படியானால் வெளிச்சம் குறைந்தது எதனால்? வடசென்னைக் காருக்கு நான் முதலில் சந்தேகிப்பது எர்த் இணைப்பை, அதாவது மின்சாரம் காரின் உடல் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பை. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை உப்புக் காற்று. செம்பு முனைகள் பச்சை பூத்துவிடும். இழை பல்பின் வெளிச்சம் மின்னழுத்தத்தின் ஏறக்குறைய 3.4 அடுக்கில் மாறும். பல்பை எட்டும் 13.2 வோல்ட்டில் ஒரு வோல்ட் குறைந்தால் வெளிச்சத்தில் கால் பங்கு போய்விடும். எஞ்சின் ஓட, விளக்கெரிய, பேட்டரி முனையிலும் பல்பு ஹோல்டரிலும் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த்தைச் சுரண்டித் துடைத்து, தனி ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) போட்டு பேட்டரியிலிருந்து நேர் ஒயர் இழுக்க வேண்டும். ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்கு இது அரைநாள் வேலை. லாரிப் புழுதியும் வெயிலும் சேர்ந்து மஞ்சளாக்கிய பிளாஸ்டிக் முகப்பையும் அப்போதே பாலிஷ் போட்டுவிடலாம்.

பிறகு அதே 60/55 வாட்டில் நல்ல கம்பெனியின் சாதாரணப் பல்பு, ஜோடியாக. ‘100 சதவீதம் கூடுதல் வெளிச்சம்’ வகையும் சட்டப்படியானதுதான், ஆனால் அந்தச் சதவீதம் சாலையில் குறிப்பிட்ட சில புள்ளிகளுக்கு மட்டும்; ஆயுளும் குறைவு. மாட்டும்போது கண்ணாடியை விரலால் தொடக் கூடாது. வியர்வை உப்பு பட்ட இடத்தில் குவார்ட்ஸ் சூட்டில் படிகமாகி வெளுக்கும், விரிசலும் விடலாம். தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டால் துடையுங்கள்.

கடைசியாக, விளக்கின் குறி. புகைச் சான்றிதழை விடாமல் கேட்கும் அரசு, சொந்தக் காரின் ஹெட்லைட் எங்கே பார்க்கிறது என்று 15 ஆண்டுகளுக்குக் கேட்பதில்லை. புகைச் சோதனை நிலையம்தோறும் ஒரு ஹெட்லைட் சோதனைக் கருவி வைக்கப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி. அதுவரை நாமே பார்த்துக்கொள்ளலாம். சமதளத்தில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளிக் காரை நிறுத்தி டிம் போடுங்கள். சுவரில் விழும் ஒளியின் மேல் எல்லை, ஹெட்லைட்டின் உயரத்தைவிடச் சுமார் 10 சென்டிமீட்டர் கீழே, இடது ஓரத்தில் மட்டும் ஏறுமுகமாக, கோடு போட்டதுபோலத் தெரிய வேண்டும். மேலே இருந்தால் திருகைத் திருப்பி இறக்குங்கள். கோடே தெரியாமல் சுவர் முழுக்க வெள்ளை வழிந்தால், பல்பின் அடி வளையத்திலுள்ள காதுகள் ஹெட்லைட்டின் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். உட்கார்ந்தும் கோடு வரவில்லையென்றால் பல்பைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.