ஸ்வெட்டரில் பொறி, தேயிலையில் நார்

உறைபனி விழும் ஜனவரி இரவில், ஊட்டியில் விளக்கை அணைத்துவிட்டு அக்ரிலிக் ஸ்வெட்டரைத் தலைவழியே கழற்றிப் பாருங்கள். சடசடவென்று சத்தம் கேட்கும், இருட்டில் நீலப் பொறி தெரியும். அதே ஸ்வெட்டர் ஜூலை மழையில் சத்தமே போடாது. காரணம் காற்றின் ஈரம்.

இரண்டு பொருள்கள் உரசிப் பிரியும்போது ஒன்றின் எலக்ட்ரான்கள் மற்றதற்குப் போகின்றன. கம்பளி, நைலான், தலைமுடி இவை எலக்ட்ரானை எளிதில் விட்டுவிடும். அக்ரிலிக், பாலியெஸ்டர், பிவிசி பிடித்துக்கொள்ளும். மழைக்காலத்தில் துணிமேல் படியும் மெல்லிய நீர்ப்படலம் வழியே அந்த மின்னூட்டம் கசிந்துவிடும். 0 டிகிரிக் காற்றோ ஒரு கனமீட்டருக்கு 5 கிராம் நீராவியைக்கூடத் தாங்காது. மின் ஹீட்டரால் அதை 20 டிகிரிக்குச் சூடாக்கினால் 17 கிராம் தாங்கும். ஆனால் உள்ளே இருப்பது பழைய அளவுதான். ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே போகிறது. கசிய வழியின்றிச் சில ஆயிரம் வோல்ட் சேர்ந்து பொறியாகப் பாய்கிறது. உள்ளே பருத்திச் சட்டை போட்டால் குறையும். கதவுக் கைப்பிடியைச் சாவி முனையால் தொட்டால் பொறி சாவியில் பாயும், விரலில் சுருக்கென்று குத்தாது.

இதே உரசல்தான் குன்னூர், கோத்தகிரித் தொழிற்சாலைகளில் தேயிலைத் தூளைச் சுத்தம் செய்கிறது. சிடிசி தூளில் (இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிச் செய்வது) கலந்திருக்கும் இலைக்காம்பின் சிவந்த நாரைச் சல்லடையால் மட்டும் பிரிக்க முடியாது. அதிரும் தட்டில் தூள் மெல்லிய படலமாக நகர, சற்று மேலே பிவிசி உருளைகள் சுழல்கின்றன. உருளையின் மேற்புறம் கம்பளிப் பட்டையில் உரசி எதிர்மின்னூட்டம் பெறுகிறது. டிரையரிலிருந்து வரும் தூளில் ஈரம் சுமார் 3 சதவீதம். நாரில் சற்றுக் கூடுதல். அந்த ஈரத்தால் நாருக்குள் மின்னூட்டம் எளிதாக இடம்பெயர்கிறது: உருளையைப் பார்த்த முனையில் நேர்மின்னூட்டம் சேர, எடை குறைந்த நார் எழும்பி ஒட்டிக்கொள்கிறது. உருளை சுழன்றதும் அது வழித்தெடுக்கப்பட்டு ஓரத் தொட்டியில் விழுகிறது. ஈரம் குறைந்த, கனமான மணிகள் தட்டிலேயே ஓடிவிடும். ஈரத்தின் இந்தச் சிறு வேறுபாட்டையே பிரிக்கும் கருவியாக்கியது அருமையான யோசனை!

உருளையைத் தாழ்த்தினால் நாரோடு நல்ல தூளும் ஏறும், உயர்த்தினால் இழுப்பு போதாது. படலம் தடித்தால் அடியில் கிடக்கும் நார் மேலே வராது. பட்டை தேய்ந்தாலோ, உருளையில் தூசு அப்பினாலோ மின்னூட்டம் குறையும். அறைக்குள் மூடுபனி புகுந்தால் உருளையின் மின்னூட்டம் கசியும், தூளும் ஈரத்தை உறிஞ்சி நாரோடுள்ள வேறுபாட்டை இழக்கும். அந்நாள்களில் சன்னல்களை அடைத்து, தூள் ஆறிய கையோடு உருளைக்கு அடியில் விட்டுவிட வேண்டும்.