ஹாருவான் கல்லீரலில் அடிக்கும் மணி

மலேசியாவின் சுங்கை சிப்புட் காலைச் சந்தையில் ஓர் அக்கா என்னை நிறுத்திக் கேட்டார்: "சார், மக பிள்ள பெத்திருக்கா. புண்ணு ஆறட்டும்னு ஹாருவான் (விரால் மீன்) சூப் வைக்கணும். லம்பக் குட்டை (பழைய ஈயச் சுரங்கக் குட்டை) மீன்ல பாதரசம் இருக்குன்னு வாட்ஸ்அப்ல வருது. சூப்புல வெள்ளி மோதிரத்தப் போட்டா தெரிஞ்சிடுமாமே?"

தெரியாது அக்கா. மீனிலும் பூண்டிலும் உள்ள கந்தகமே வெள்ளியைக் கறுக்க வைக்கும். நல்ல மீனிலும் கறுக்கும். ஆனால் அந்தக் கந்தகத்தை மறந்துவிடாதீர்கள்.

நிலக்கரிப் புகையிலும் தங்கம் பிரிக்கும் வேலையிலும் கிளம்பும் பாதரசம் மழையோடு நீரில் இறங்குகிறது. சேற்றுப் பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசம் என்ற நச்சுச் சேர்மமாக்குகின்றன. அப்புறம் பள்ளியில் படித்த உணவுச் சங்கிலிதான்: பாசி, சிறுமீன், ஹாருவான், அதைவிடப் பெரிய விரால் வகையான தொமான். மேலே போகப் போகச் சேர்மானம் கூடும்.

மீனின் கல்லீரலில் மெட்டல்லோதயோனின் என்றொரு குட்டிப் புரதம் இருக்கிறது. 1957இல் குதிரையின் சிறுநீரகத்தில் முதலில் கண்டுபிடித்தார்கள். சுமார் 60 அமினோ அமிலங்கள். அவற்றில் 20 சிஸ்டீன், ஒவ்வொன்றிலும் ஒரு கந்தகம். சாதாரண நாளில் இந்தக் கந்தகங்கள் ஏழு துத்தநாக அணுக்களை அணைத்தபடி இருக்கும். பாதரசத்துக்குக் கந்தகத்தின் மேல் அப்படி ஓர் ஈர்ப்பு. பழைய வேதியியலார் இவ்வகைச் சேர்மங்களுக்கு 'பாதரசத்தைப் பிடிப்பது' என்ற பொருளில் மெர்காப்டன் என்றே பெயர் வைத்தார்கள். பாதரசம் வந்ததும் துத்தநாகம் இடத்தைவிட்டு வெளியேறுகிறது. எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான்: வெளியே தள்ளப்பட்ட துத்தநாகமே மணியடிக்கிறது! எம்டிஎஃப்-1 என்ற இன்னொரு புரதத்தில் அது போய் ஒட்ட, அந்தப் புரதம் டிஎன்ஏயில் அமர்ந்து, 'இன்னும் மெட்டல்லோதயோனின் செய்' என்கிறது. கல்லீரலில் இந்தப் புரதம் ஏறியிருந்தால், உலோகம் வந்து போன தடம் அது.

அளப்பதும் அழகு. கல்லீரலை அரைத்துச் சூடாக்கினால் மற்ற புரதங்கள் பெரும்பாலும் முட்டை வெள்ளை போலத் திரைந்துவிடும்; இது திரையாது. மிஞ்சிய தெளிநீரில் கந்தகத்தோடு சேர்ந்து மஞ்சளாகும் மருந்தை விட்டு, நிறத்தின் அழுத்தத்தை அளக்கலாம்.

ஆனால் காட்மியமும் செம்பும் இதே மணியை அடிக்கும். மெத்தில் பாதரசமோ லேசாகத்தான் அடிக்கும். அது சதையிலுள்ள புரதங்களின் கந்தகத்தில் ஒட்டிக்கொள்வதால் கொதிக்க வைத்தாலும் போகாது. ஆகவே புரதம் ஏறிய குட்டையில் மீன் சதையிலேயே பாதரசத்தை நேரடியாக அளந்தாக வேண்டும். ஒரு தடவை அளந்து ஃபைலை மூடுவதற்குப் பணம் தருவதைவிட, எஸ்டேட் ஓரக் குட்டைகளை ஆண்டுதோறும் அளக்கப் பணம் தர வேண்டும் என்பேன். அந்த மீனைத் தின்பவர்கள் நம் ஆட்கள்.

சரி, சூப்? கருவிலுள்ள பிள்ளையின் மூளையைக் காக்க 2003இல் சர்வதேச நிபுணர் குழு வைத்த வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு வாரம் 1.6 மைக்ரோகிராம் மெத்தில் பாதரசம். 50 கிலோ பெண்ணுக்கு வாரம் 80 மைக்ரோகிராம். கிலோவுக்கு அரை மில்லிகிராம் உள்ள மீன் என்றால், வாரத்துக்கு 160 கிராமோடு சரி. அந்த அக்காவிடம் பெரிய தொமானை விட்டுவிட்டுச் சின்ன ஹாருவானாக எடுக்கச் சொன்னேன். மோதிரத்தை விரலிலேயே போட்டுக்கொண்டு போனார்.