மழை விட்ட பத்து நிமிடம்

சிங்கப்பூரின் மேற்குக் கோடித் தொழிற்பேட்டையான துவாஸில் மாலை ஆறரை மணி. ஒரு மணி நேரம் கொட்டிய மழை அப்போதுதான் விட்டிருக்கும். கிழக்கு வானம் இன்னும் கன்னங்கரேலென்று இருக்க, மேற்கே மலேசியாவின் ஜோகூர் பக்கம் மேகத்தின் அடியில் ஒரு கீற்று திறக்கும். அதன் வழியே வெயில் படுக்கையாக வந்து விழும். நனைந்த புகைபோக்கிகளும் குழாய்களும் பாரந்தூக்கிகளும் தேய்த்து வைத்த பித்தளைக் குத்துவிளக்குகள் போல அந்தக் கறுப்புக்கு முன்னால் நிற்கும். பதினெட்டு ஆண்டுகளாகத் தொழிற்சாலைகளையும் கப்பல் பட்டறைகளையும் படம் பிடித்து வருகிறேன். இதைவிட நல்ல வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. பத்து நிமிடம் நின்றால் அதிகம்.

அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இப்போது படம் எடுக்க வரும் தம்பி, தங்கைகள் பலர் அந்த நேரத்தில் மற்ற எல்லாவற்றையும் மறந்துவிடுகிறார்கள். நானும் மறந்திருக்கிறேன்.

சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 160 நாளுக்கு மேல் இடி இடிக்கிறது. மழை நின்றதும் மின்னலும் போய்விட்டதாக நினைக்கிறோம். இடிமேகத்தின் தலை பக்கவாட்டில் வெகுதூரம் பரவியிருக்கும். பத்துக் கிலோமீட்டர் தள்ளி, ஒரு சொட்டு மழைகூட இல்லாத இடத்திலும் மின்னல் இறங்கும். படத்துக்குப் பின்னணியாக நமக்குப் பிடித்துப்போன அந்தக் கறுப்பு மேகம் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

ஒருமுறை ஒரு கிடங்கின் மொட்டைமாடியில் ட்ரைபாடை விரித்து நின்றேன். கார்பன் ஃபைபர் ட்ரைபாட். அதுவும் மின்சாரத்தைக் கடத்தும். மேற்பார்வையாளர், அறந்தாங்கிப் பக்கத்து அண்ணன், படியேறி வந்தார்.

“தம்பி, கேட் ஒன் மின்னல் எச்சரிக்கைய இன்னும் எடுக்கல. கீழ வாங்க.”

“ரெண்டே நிமிஷம்ணே.”

“சரி, எடுங்க. நீங்க இறங்காம நானும் இறங்க மாட்டேன்.”

சொல்லிவிட்டு என் பக்கத்திலேயே நின்றார். உடனே ட்ரைபாடை மடக்கினேன். அன்று எங்கேயும் மின்னல் விழவில்லை. ஆனால் என் படத்துக்காக இன்னொருவர் வெட்டவெளியில் நின்றார் என்பது இன்றைக்கும் மனதை விட்டுப் போகவில்லை. அதற்குப் பிறகு, கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் ஆகாமல் நான் வெளியே கால் வைப்பதில்லை. அப்படியானால் அந்த வெளிச்சம் போய்விடாதா? போகும். அதனால் மதியமே போய், கூரை உள்ள இடமாகத் தேடி வைத்துவிடுகிறேன். பலமாடிக் கார் நிறுத்துமிடம் என்றால் மேல்தளம் வேண்டாம்; அதற்கு ஒரு தளம் கீழே, கிழக்கைப் பார்த்த பக்கம். இல்லாவிட்டால் வேனுக்குள்ளேயே இருந்து, கண்ணாடிக்கு உள்ளிருந்து எடுப்பேன்.

அடுத்தது அனுமதி. பெட்ரோலிய, ரசாயன ஆலைகள் நிறைந்த ஜூரோங் தீவு பாதுகாக்கப்பட்ட பகுதி. அங்கே அனுமதியில்லாமல் படம் எடுப்பது குற்றம். 2018 டிசம்பரில் நடப்புக்கு வந்த உள்கட்டமைப்புப் பாதுகாப்புச் சட்டம் டிரோன் படங்களையும் சேர்த்தே பேசுகிறது. டிரோன் 250 கிராமுக்கு மேல் இருந்தால் பதிவு வேண்டும். விமான நிலையம், விமானப்படைத் தளம் ஆகியவற்றிலிருந்து 5 கிலோமீட்டருக்குள்ளோ, 200 அடிக்கு மேலோ பறக்கவிடத் தனி அனுமதி வேண்டும். இதெல்லாம் கேமராக்காரர்களுக்குப் பெரும்பாலும் தெரியும். என் கவலை வேலைக்கு வந்திருக்கும் நம் தம்பிகளைப் பற்றித்தான். ஓவர்டைம் முடிந்து லாரிக்குக் காத்திருக்கும்போது, மிஞ்சிய வாயுவை எரிக்கும் சுடர்க் கோபுரத்துக்குப் பின்னால் வானம் ஊதாவாக மாறும். ஊரில் அம்மாவுக்கு அனுப்பக் கைப்பேசியை எடுப்பார்கள். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. ஆனால் அது ஃபேஸ்புக்கில் ஏறினால் விசாரணை வரலாம், வேலை பெர்மிட்டே போகலாம். தயவுசெய்து வேலியைத் தாண்டி வந்த பிறகு எடுங்கள். வெஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனால் கடலும் கப்பலும் பாரந்தூக்கிகளும் கிடைக்கும். அங்கேயும் அறிவிப்புப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். காவலர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

எரிவாயு இருக்கும் இடங்களில் கைப்பேசியையும் கேமராவையும் தடுப்பதற்கு ரகசியம் மட்டும் காரணமில்லை. கேமரா ஃபிளாஷுக்குள் இருக்கும் மின்தேக்கியில் ஏறக்குறைய 300 வோல்ட் ஏறி நிற்கும். கசிந்த ஆவி தீப்பிடிக்க ஒரு சிறு பொறி போதும். சாதாரணக் கேமராவை அங்கே எடுத்துப்போக வேண்டுமென்றால், வெல்டிங் வேலைக்கு வாங்குவது போல எழுத்தில் பெர்மிட் வாங்கி, வாயு அளவைச் சோதித்த பிறகுதான் போகிறேன்.

காற்றாலை எடுக்க ஆசைப்படுபவர்களும் கேட்கிறார்கள். இங்கே காற்றின் சராசரி வேகம் வினாடிக்கு 2 மீட்டர் அளவுதான். பெரிய காற்றாலைக்கு அது போதாது. நான் ஊருக்குப் போகும்போது ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் எடுப்பேன். ஆடியில் கணவாய் வழியே வரும் காற்றில் ட்ரைபாடே சாயும். இறக்கைகள் சோம்பலாகச் சுற்றுவது போலத் தெரியும், அதை நம்பாதீர்கள். 40 மீட்டர் இறக்கை நான்கு வினாடிக்கு ஒரு சுற்று வந்தால், நுனி மணிக்கு 225 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. ஷட்டரை வினாடியில் பதினைந்தில் ஒரு பங்குக்கு வைத்தால் அதற்குள் நுனி நான்கு மீட்டர் நகர்ந்துவிடும். அந்த மங்கல்தான் படத்துக்கு உயிர். கோபுரத்தின் அடியில் போய் நிற்காமல், தள்ளி நின்று நீள லென்ஸில் எடுங்கள். ஆனால் அந்த லென்ஸ் வழியாகச் சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது. கண் போய்விடும்.

கடைசியாக ஒன்று. போன ஆண்டு சாரத்தின் மேல் நிற்கும் ஒரு தம்பியை, அதே மழைக்குப் பிந்திய வெளிச்சத்தில், நிழலுருவாக எடுத்தேன். அந்த ஆண்டின் மிகச் சிறந்த படம். வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தபோது அவர் பாதுகாப்புக் கச்சையின் கொக்கி கம்பியில் மாட்டப்படாமல் இடுப்பிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. கம்பெனிக்கு அந்தப் படத்தைக் கொடுக்கவில்லை. மறுநாள் காலை தேநீர் இடைவேளையில் அவரைத் தேடிப்போய்த் திரையில் காட்டினேன். விரலால் அந்தக் கொக்கியைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார்.

“வீட்டுக்கு அனுப்பணும்னுதான் கேக்க நெனச்சேன். இது வேண்டாம்ணே. நான் மாட்டிக்கிட்டு நிக்கிறேன், இன்னொண்ணு எடுத்துக் குடுங்க.”

அன்று மாலை வானம் வெறும் சாம்பல் நிறம். அந்தப் படத்தைத்தான் அவர் ஊருக்கு அனுப்பினார்.