விரல் படும் முன்பே எடுத்த படம்

கேமராவின் வெள்ளை வட்டத்தைத் தொட்ட பிறகுதான் போன் படம் எடுக்கிறது என்று நினைக்கிறோம். இன்றைய பல போன்களில் நடப்பது வேறு. கேமராவைத் திறந்ததுமே சென்சார் நொடிக்குச் சுமார் 30 படங்கள் எடுத்து, தற்காலிகமாக நினைவகத்தில் போட்டுக்கொண்டே இருக்கிறது. இடம் நிறைந்தால் பழையது போய்ப் புதியது உட்காரும். விரல் பட்டதும், அந்த வரிசையில் கொஞ்சம் பின்னால் போய், தொட்ட கணத்துக்குரிய படத்தை எடுத்துக்கொள்கிறது. இதற்கு ஜீரோ ஷட்டர் லேக், அதாவது அழுத்துவதற்கும் படத்துக்கும் இடையே தாமதமே இல்லாதது, என்று பெயர்.

இவ்வளவு மெனக்கெடல் எதற்கு? கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, விரல் அசையவே ஏறக்குறைய 0.2 நொடி ஆகிறது. நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் ஓடும் குழந்தை அதற்குள் 60 சென்டிமீட்டர் தள்ளிப் போயிருக்கும். போனும் தன் பங்குக்கு அரை நொடி தாமதித்தால் படத்தில் வெறும் சுவர்தான்.

தாமதத்தை வீட்டிலேயே பார்க்கலாம். கணினியில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, சரியாக 5 வரும்போது போன் கேமராவின் வட்டத்தை அழுத்துங்கள். படத்தில் என்ன எண் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். ஆனால் இதில் உங்கள் கையின் தாமதமும் கலந்துவிடும். அதனால் ஆய்வகங்களில் இயந்திர விரலையும் எல்ஈடி விளக்குப் பலகையையும் வைத்து அளக்கிறார்கள். ஐஎஸ்ஓ 15781 என்ற சர்வதேசத் தரவிதியே இதற்கு இருக்கிறது.

எண்கள் ஒரு பக்கம். ஒரு கருவியை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பயன்பாட்டு ஆய்வு செய்பவர்கள் ஆட்களை உட்காரவைத்து, மனதில் ஓடுவதைச் சொல்லிக்கொண்டே படம் எடுக்கச் சொல்கிறார்கள். ‘கேமரா எப்படி?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கு’ என்று பதில் வரும். அதை நம்பிப் பயனில்லை. அதே ஆள் ஒரே காட்சிக்கு வட்டத்தை இரண்டு தடவை தட்டுகிறாரா என்று பார்க்க வேண்டும். தட்டினால், படம் விழுந்ததா இல்லையா என்ற சந்தேகம் அவருக்கு இருக்கிறது. ஒரு செயலுக்கு 0.1 நொடிக்குள் பதில் கிடைத்தால்தான் அது உடனே நடந்ததாக மனிதருக்குத் தோன்றும் என்பது பயன்பாட்டு ஆய்வு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் பரப்பிய பழைய கணக்கு. திரை ஒருமுறை இருண்டு மீள்வது, மெல்லிய அதிர்வு, மூலையில் போய் விழும் குட்டிப் படம் எல்லாம் இதற்காகத்தான். படத்தின் தரத்துக்கும் இவற்றுக்கும் சம்பந்தமே இல்லை.

ஒரு கையால் பிடித்துக்கொண்டு கட்டைவிரலை வட்டத்துக்கு நீட்டும்போது போன் ஆடுவது தனிப் பிரச்சினை. 2011-இல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 5 ஒலியளவுப் பொத்தானையும் படம் எடுக்கும் ஷட்டராக்கியது. அப்புறம் இது பல போன்களில் சாதாரணமாகிவிட்டது.

இரவுப் படத்தில் கதை தலைகீழ். 2018-இல் கூகுளின் பிக்சல் போன்களுக்கு வந்த நைட் சைட் போன்ற இரவுப் பட வசதிகளில், முன்பே சேர்த்துவைத்த படங்களின் வெளிச்சம் போதாது. அழுத்திய பிறகும் சில நொடிகள் ஒளியைச் சேர்க்க வேண்டும். அந்தக் காத்திருப்பை மறைக்க முடியாது, சொல்லித்தான் ஆக வேண்டும். அதனால்தான் ‘அசையாமல் பிடியுங்கள்’ என்ற வரியும், மெல்ல நிறையும் வட்டமும். ஆனாலும் பழக்கம் விடுமா? ‘கிளிக்’ கேட்டால் கை தானாகக் கீழே இறங்கிவிடும். என்னைக் கேட்டால், இரவுப் படத்தில் அந்தச் சத்தத்தை ஒளி சேர்த்து முடித்த பிறகு எழுப்புவதே சரி.