புரோ நோட்டுக்கு 3 வருடம்: எந்த நாளிலிருந்து எண்ணுவது?

கடனுக்கு எழுதி வாங்கும் புரோ நோட்டுக்கு ஆயுள் 3 வருடம், பணம் வராவிட்டால் அதற்குள் வழக்குப் போட்டாக வேண்டும் என்பது கொடுக்கல் வாங்கலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். அது எந்தத் தேதியில் தொடங்குகிறது என்பதில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள்.

கடையில் விற்கும் அச்சடித்த நோட்டுகளில் ‘தாங்கள் வேண்டும்போது தங்களுக்காவது தங்கள் உத்தரவு பெற்றவர்களுக்காவது’ அசலும் வட்டியும் கொடுப்பதாக வாசகம் இருக்கும். அப்படியானால் நாம் கேட்ட நாளிலிருந்துதானே கணக்கு என்று தோன்றும். இல்லை. 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் அட்டவணை, 35-ஆவது இனத்தில், நோட்டின் தேதியையே தொடக்கமாக வைக்கிறது. கடன் கொடுத்த அன்றே கேட்கும் உரிமை வந்துவிட்டது என்பது இதன் அடிப்படை. வக்கீல் நோட்டீஸ் விட்டாலும் கெடு ஒரு நாள்கூட நீளாது. எப்போது திருப்பித் தருவது என்றே எழுதாத நோட்டும் இந்த வகைதான். குறிப்பிட்ட காலம்வரை வழக்குப் போடமாட்டேன் என்று நோட்டோடு சேர்த்து எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் மட்டும் கணக்கு மாறும்.

10-6-2022 தேதியிட்ட நோட்டு என்றால், எழுதிய நாளைத் தள்ளிவிட்டு எண்ண வேண்டும். கடைசி நாள் 10-6-2025.

‘6 மாதத்தில் தருகிறேன்’ என்று கெடு வைத்த நோட்டு வேறு. அதில் தவணை நாளிலிருந்து எண்ண வேண்டும். அந்த நாளோடு 3 சலுகை நாட்களும் சேரும். 5-2-2024-இல் எழுதியதற்கு 6 மாதம் 5-8-2024-இல் முடிகிறது, சலுகை சேர்த்து 8-8-2024. அதிலிருந்து 3 வருடம் 8-8-2027, ஞாயிற்றுக்கிழமை. கோர்ட் மூடியிருக்கும் நாளில் கெடு முடிந்தால் திறக்கும் நாளில் பிராது (வழக்கு மனு) கொடுக்கலாம். மே மாத விடுமுறையிலும் இப்படித்தான், ஆனால் திறக்கும் அன்றே கொடுத்தாக வேண்டும்.

மாதத் தவணை நோட்டில் ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனி 3 வருடம். ‘ஒரு தவணை தவறினாலும் முழுத்தொகையும் கொடுக்க வேண்டும்’ என்ற ஷரத்து இருந்தால், முதலில் தவறிய நாளிலிருந்தே முழுத்தொகைக்கும் கணக்கு ஓடும். அந்த ஷரத்தின் உரிமையை நீங்கள் விட்டுக்கொடுத்திருந்தால், அடுத்து தவறும் நாளிலிருந்து. வாங்குபவரைக் கட்டிப்போடப் போட்ட ஷரத்து கொடுத்தவருக்கே வினையாவது இங்கேதான்.

கெடுவை நீட்ட ஒழுங்கான வழி வரவு வைப்பது. கடன்காரர் வட்டியிலோ அசலிலோ ஒரு பகுதி கொடுத்தால், நோட்டின் பின்புறம் தொகையும் தேதியும் எழுதி அவர் கையெழுத்தை வாங்குங்கள்; பணம் கொடுத்த நாளிலிருந்து புதிதாக 3 வருடம். 2-6-2025-இல் வரவு வைத்தால் 2-6-2028 வரை. கடன் கொடுத்தவர் தானே எழுதிக்கொண்ட வரவு செல்லாது. செல்போனில் வந்த பணத்தை மட்டும் நம்பாமல் அதற்கும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பணம் தராமல் ‘இந்தக் கடன் பாக்கி இருக்கிறது’ என்று எழுதிக் கையெழுத்திட்டாலும் போதும். இரண்டும் கெடுவுக்குள் நடக்க வேண்டும். இருவர் சேர்ந்து எழுதிய நோட்டில் ஒருவர் மட்டும் எழுதிக்கொடுத்தது மற்றவரைக் கட்டுப்படுத்தாது, இருவரிடமும் வாங்குங்கள்.

கெடு முடிந்தபின் ‘பாக்கி உண்மைதான்’ என்று எழுதி வாங்கிப் பயனில்லை. ‘கொடுக்கிறேன்’ என்ற வாக்குறுதியே எழுத்தில், கையெழுத்தோடு வேண்டும். ஒப்பந்தச் சட்டம் 25(3) அதைப் புது ஒப்பந்தமாக ஏற்கிறது. புது நோட்டு எழுதி வாங்குவது இதைவிடச் சுலபம். பழைய நோட்டில் தேதியைத் திருத்தினால் நோட்டே செல்லாது.

தாமதத்தை மன்னிக்கும்படி மனுப் போடலாமா என்று கேட்பார்கள். மேல்முறையீட்டுக்கு அந்தச் சலுகை உண்டு, பண வழக்குக்கு இல்லை. எதிர்த்தரப்பு வாயே திறக்காவிட்டாலும், ஒரு நாள் தாண்டிய வழக்கைக் கோர்ட் தானாகவே தள்ளுபடி செய்ய வேண்டும். வரவை வைத்துக் கெடு கோருவதாக இருந்தால் பிராதிலேயே அதன் தேதியோடு சொல்லிவிடுங்கள்.